ஆறு ஜோடிச் செருப்பு

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஆவடி தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் எண்ணியே கழித்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, திருமுல்லைவாயிலில் எங்கள் எதிர்வீட்டைப் போலீஸ் சூழ்ந்துகொண்டது. தீவிரவாத இயக்கத்தார் ஒளிந்திருக்கிறார்களாம்.

"உள்ளே எத்தனை பேர் சார்?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ஆறு பேர்" என்றேன் சட்டென்று. வாசலில் ஆறு ஜோடிச் செருப்பு கிடப்பதைத் தினமும் எண்ணியிருந்தேன். ஆட்களைப் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து ஒரே ஒரு முறை சுட்டார்கள். போலீஸ் திருப்பிச் சுட ஆரம்பித்தது, நிறுத்தவேயில்லை. நடுவில் ஒரு இளம் குரல் கேட்டது.

"சுடாதீங்க. நான் ஒருத்தன்தான் கீறேன். துப்பாக்கிய வெளிய போட்டுட்டேன்."

ஜன்னல் வழியாகத் துப்பாக்கி விழுந்ததை நானே பார்த்தேன்.

"அப்போ மீதி அஞ்சு பேரு உள்ள இன்னா சமையலா பண்றானுங்கோ?" என்றார் ஏட்டு.

நான் குனிந்தபடியே ஓடி, "சார், நான் எண்ணினது செருப்பைத்தான், ஆளை இல்லை" என்றேன்.

"இப்ப வந்து சொல்றீங்களே. ஓரமா உட்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதன்பின் அறுபத்திரண்டு குண்டுகள். உள்ளே செத்துக் கிடந்தது ஒருவன்தான். மற்ற செருப்புகள் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனவை.

துப்பாக்கியைப் போட்டவனை, ஆறு பேர் இருந்தாலும்தான் ஏன் சுட வேண்டும்? இன்றும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அந்தச் சாக்கைக் கொடுத்தவன் நான். தெரியாது என்று சொல்வது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.