‘போட்டு வாறன்’ என்றோர் அடுக்கு

"தங்கச்சி, உம்மடை பெட்டி ஒரு கதிரையிலை ரெண்டு பேரை இருத்துது. ஒராளின்ரை மடியிலை மற்றாளை ஏத்திக்கொண்டு கடல் கடக்க ஏலாது. வெள்ளிக்கிழமையும் பிழைச்சா, கழட்டிக்கொண்டு போம்."

குறிகட்டுவான் இறங்குதுறையில், சனத்துக்கு முன்னால், படகுச் சங்கத் தலைவர் இராசநாயகம் இப்படிச் சொன்னது பிரியவதனியிடம். நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகின் இருக்கைகளை, தீவாருக்கு நெடுந்தீவுத் துறையிலும் போய்த் திரும்புகிறவர்களுக்குக் குறிகட்டுவானிலும் பங்கிட்டுப் பதிகிற கணினிப் பெட்டிகளைப் பூட்டியவள் அவள்தான். கம்பனி வேலையை விட்டு, வேலணை வீட்டிலிருந்து தன் பெயரில் செய்த முதல் வேலை. இது கெட்டால் வேறெந்தத் துறையிலும் அவளை அண்டவிடமாட்டார்கள்.

பெட்டிகளைக் குழுவாகப் பேசவைப்பது, பல நாட்டவர் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்த ஒரு மென்பொருள் தொகுப்பு. இடியப்பத் தட்டுகள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கு தொலைந்த செய்தியைத் திரும்பக் கேட்கும். இன்னொன்று வந்ததை வரிசைப்படுத்தும். மேலே இருப்பது குழுவில் எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும். வேண்டிய அடுக்கை நாமே எழுதிச் செருகலாம். சங்கடம் மேலடுக்கில். நெடுந்தீவில் சிக்னல் அறுந்தால் அந்தப் பெட்டி செத்தது என்று முடிவுகட்டி, அதன் பங்கைக் குறிகட்டுவானுக்குக் கொடுத்துவிடும். செத்ததோ தன்பாட்டில் அதே இருக்கைகளைப் பதிந்துகொண்டிருக்கும்.

புதன் காலை துறைக்குப் போக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, "நான் போறன்" என்றாள்.

குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த கணவன் லவன் நிமிரவில்லை. "போறன் எண்டு சொல்லாதையும். போட்டு வாறன் எண்டு சொல்லும். நாக்குத் தேஞ்சிடாது."

"பெரிய சாத்திரியார்" என்றவள், படலையடியில் நின்றாள். திரும்பி வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"ஏன், போகேல்லையோ?"

"போறதுக்கும் போட்டு வாறதுக்கும் வித்தியாசம் தெரியாத சாமானை வைச்சுக்கொண்டு எங்கை போறது?"

மதியச் சோறு ஆறிப்போகப் புதிய அடுக்கொன்று எழுதினாள். பேச்சு நின்ற பெட்டியை இது செத்ததாகக் கொள்ளாது. வெளியே போயிருக்கிறது, வரும் என்று வைத்துக்கொள்ளும். அதன் பங்கில் யாரும் கைவைக்க ஏலாது. அதற்குச் சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்துவைத்து, வந்ததும் ஒழுங்காகச் சொல்லும். ‘போட்டு வாறன்’ என்றே பெயர் வைத்தாள். அன்றிரவே இரு பெட்டிகளிலும் அதை ஏற்றினாள். தொகுப்பைக் கவனிப்பவர்களுக்கும் அனுப்பினாள். அவர்கள் வியாழன் முழுதும் சோதித்து, பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேட்டு, ஏற்றுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நெடுந்தீவில் சிக்னல் அறுந்தது. குறிகட்டுவானில் தன் பங்கு முடிந்தபின்னும் இடம் கேட்டவர்களுக்குப் பெட்டி இல்லையென்றது. பின்னேரம் படகு வந்து கட்டியதும் இராசநாயகம் தானே உள்ளே இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டார். ஆளுக்கொரு இருக்கை.

"நயினாதீவுப் படகுக்காரரும் கேக்கினம்" என்றார் மேலே ஏறி. "எப்ப பூட்டுவீர்?"

"வாற கிழமை. ஆனா அண்ணை, இனிப் பிழை கண்டா முதல் எனக்குச் சொல்லவேணும். சனத்துக்கு முன்னாலை இல்லை."

இராசநாயகம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம் பிள்ளை" என்றார், சனத்துக்கு முன்னால்.