அண்ணனுக்கு ஒரு மெழுகுவர்த்தி

இன்று கல்லறைத் திருநாள். அம்மாவும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

கடற்படையில் இருந்த அண்ணன் நீர்மூழ்கிக் கப்பல் விபத்தில் இறந்தான். உடல் கிடைக்கவில்லை. இங்கே அவனுக்குக் கல்லறையும் இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்காகப் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்தக் கூட்டம் அம்மாவுக்குப் பிடிக்காது. மூலையில் ஆள் வராத ஒரு கல்லறையைப் பிடித்துவைத்திருந்தாள். வருடா வருடம் புல் பிடுங்கி, கழுவி, மாலை போட்டு, அண்ணன் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

இன்று அங்கே ஒரு குடும்பம் நின்றது. அதில் ஒரு பெண் கேட்டாள்.

"அக்கா, நீங்க யாரு? இது எங்க மாமனாரு. வெளிநாட்டுல இருந்து இப்பத்தான் ஊருக்கே திரும்புனோம்."

அம்மா மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எம் மகனுக்குக் குழி இல்லத்தா. கடலோட போயிட்டான்."

அந்தப் பெண் தன் பூக்களை ஒதுக்கி இடம் விட்டாள். "வைங்கக்கா. பேச்சுக்கு ஆள் கெடச்சா எங்க மாமனாரு விடவே மாட்டாரு."

அம்மா சிரித்தாள். வைத்தாள்.

டவுன் பஸ்ஸில் நாகல் நகர் வந்தோம். இறங்கும்போது அம்மா கேட்டாள். "இனி வருசா வருசம் வருவாகளோ?"

"வருவாங்கம்மா."

"வரட்டும். அதானே மொறை."

வீட்டுக்கு வந்தவள் இன்னும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

திண்டுக்கல் நண்பர்களே, உங்கள் பக்கம் யாரும் வராத கல்லறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சுத்தமாக வைத்துக்கொள்வோம்.