கொழுக்கட்டைப்புல்லுக்குக் காவல்

ஓர் எருமையை ஒரு முழுக் காலைப்பொழுதும் வேவு பார்த்த ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்துக்குள் அது தானாக வந்ததா, யாராவது அனுப்பி வைத்தார்களா என்பது என் சந்தேகம். புளியமரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு பார்த்தேன். அது என்னைப் பார்த்தபடியே அசைபோட்டது. எழுந்து நடந்தபோது, எந்த வீட்டுக்குப் போகிறது பார்த்துவிடுவோம் என்று பின்னாலேயே போனேன். அது ஏரிக்குப் போய்த் தண்ணீரில் படுத்துக்கொண்டது. நான் கரையில் நின்றேன்.

என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரெட்டிபாளையம் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றில் எடைமேடையில் உட்கார்ந்து பல வருஷம் குப்பை கொட்டியவன். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. இடையில் டிரைவர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிக்க வேண்டிய வேலை. வேலையை விட்டு ஊருக்கு வந்து வெள்ளாடு வளர்க்க ஆரம்பித்தேன். எடைமேடை மட்டும் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது.

பாடாலூரிலிருந்து உள்ளே பிரிந்து வரும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே மேய்க்கால் புறம்போக்கு. பேருக்குத்தான் மேய்க்கால், சீமைக்கருவேலம் மண்டிப் போய், உள்ளே நுழைந்த மாடு பசியோடும் முள்ளோடும் திரும்பி வரும். இதைச் சரிபண்ணியாக வேண்டும் என்று கிளம்பியவர் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அக்கா. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஒரு மாட்டை ஏற்கெனவே விற்றிருந்தார். இருக்கிற மாடுகளாவது கொட்டிலில் நிற்க வேண்டுமானால் மேய்க்காலில் புல் வந்தாக வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

திட்டம் சுலபம். முதலில் பாதி நிலம். கருவேலத்தை வேரோடு எடுத்து, கொழுக்கட்டைப்புல் விதை தூவி, தை பிறக்கிறவரை ஆடு மாடு எதுவும் உள்ளே போகாமல் ஊர்க்கட்டுப்பாடு. புல் பூத்து விதை உதிர்ந்த பிறகுதான் மேய்ச்சல். பிறகு மீதிப் பாதியிலும் அதே வேலை.

மரம் வெட்ட ஆயிரம் பேர் வருவார்கள். வேரைத் தோண்ட ஒருத்தரும் வரமாட்டார்கள். வந்தவர் ஏரிக்கரையில் கரிமூட்டம் போடுகிற அண்ணன் ஒருவர்தான். தெற்கே எங்கிருந்தோ வந்து எங்கள் பக்கமே தங்கிவிட்டவர். விறகு அவருக்கு, வேரும் அவருக்கு, வெறும் நிலம் ஊருக்கு. இந்தப் பாதியை ஒழுங்காக முடித்தால் அடுத்த பாதியும் அவருக்கே. சித்திரை வெயிலில் தோண்டித் தோண்டி எடுத்தார். நான் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன்.

சும்மா பார்த்தேன் என்று சொல்ல முடியாது. விதை தூவுகிற அன்றைக்கு என் பட்டியிலிருந்து ஒரு டிப்பர் ஆட்டு எருவை நன்கொடையாகக் கொண்டுவந்து சாலையோரம் கொட்டி இறைக்க வைத்தேன். டிப்பர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, ஊர் வாட்ஸப் குரூப்பில் "மண்ணுக்கு என் சிறு காணிக்கை" என்று போட்டேன். நாற்பது கும்பிடு வந்தது. காவல் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எருமை விவகாரம் அதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஐப்பசி மழை பெய்தது. கொழுக்கட்டைப்புல் கொத்துக் கொத்தாக எழுந்தது. அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் புல்லுக்கு நடுவே சின்னச் சின்ன இறகுபோல இலை விட்ட கன்றுகள். குனிந்து பார்த்தேன். கருவேலம்! ஒன்று இரண்டு இல்லை, நாற்றங்கால் போட்டதுபோல.

எடைமேடை வேலை செய்ய ஆரம்பித்தது. சாலையோரம் நெருக்கமாக, உள்ளே போகப்போக அரிதாக, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. சாலையில் நின்று விதையைக் கையால் வீசினால் எப்படி விழுமோ, அப்படி. கருவேலம் முளைத்தால் யாருக்கு லாபம்? இன்னும் சில வருஷத்தில் மறுபடியும் மரம், மறுபடியும் மூட்டம். போதாக்குறைக்குக் கரிக்கார அண்ணன் தோளில் ஒரு சாக்கோடு நிலத்துக்குள் சுற்றியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"என்னண்ணே, சாக்குல என்ன?"

"வேர்த்துண்டு சார். மழை பேஞ்சதும் மண்ணு அரிச்சு மேல வந்து கெடக்கு. பொறுக்கிட்டுப் போறேன்."

"உள்ள வரும்போது சாக்கு காலியாத்தான் இருந்துச்சா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலிச் சாக்குலதான சார் பொறுக்க முடியும்?"

என்ன சாமர்த்தியமான பதில்! இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் நிச்சயம் தப்பு செய்தவன்தான் என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே குரூப்பில் குரல் பதிவு போட்டேன். பெயர் சொல்லவில்லை. "கரியில் கை வைத்தவர் யாரோ அவர்" என்று நாகரிகமாகச் சொன்னேன். ஊரில் கரியில் கை வைத்தவர் ஒரே ஒருவர்.

டீக்கடை முன்னால் கூட்டம் கூடியது. கன்றுகளைப் பிடுங்கி ஒரு கட்டாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கரிக்கார அண்ணன் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் எதுக்குங்க போடப் போறேன்? தோண்டுனது என் கையிங்க," என்று உள்ளங்கையைக் காட்டினார். தோல் உரிந்து காய்த்திருந்தது. எங்களில் சிலருக்கு அதுவும் சந்தேகமாகவே பட்டது. அடுத்த பாதி அவருக்கு இல்லை, இந்தப் பாதியிலும் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா மட்டும் கேட்டார்: "அப்ப மீதி வேரை யாரு தம்பி தோண்டுவா?"

"ஆளா இல்ல? பாத்துக்கலாங்க்கா."

பார்த்தேன். போன் போட்ட ஒவ்வொருவரும் மரத்தை வெட்டித் தருகிறேன், வேர் என் வேலை இல்லை என்றார்கள். மீதிப் பாதியில் கருவேலம் நின்றால் அதன் நெத்துக்காய் உதிர்ந்து இந்தப் பாதிக்கும் வரும், கொழுக்கட்டைப்புல் தாங்காது. அக்கா இன்னொரு மாட்டுக்கு வியாபாரியை வரச் சொல்லியிருப்பதாக யாரோ சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரி கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, கத்திரிப் பாத்தியில என்னமோ தொட்டாச்சிணுங்கியாட்டம் மொளைச்சிருக்கு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அதே இறகு இலை. ரத்தம் தலைக்கேறியது.

"வூட்டுக்குள்ளயே வந்துட்டான் பாத்தியா! நான் காட்டிக் குடுத்ததுக்குப் பழி வாங்கறான்!"

"யாரு?"

"கரிக்காரன்!"

அவள் கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "செவுரு ஏறிக் குதிச்சு, நம்ம கத்திரிச் செடிக்கு நடுவுல குந்தி, ஒவ்வொரு வெதையா ஊணிட்டுப் போனாரா? நாய்கூட கொலைக்கலயே. அவருக்கு வேற சோலி இல்ல?"

நான் குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கினேன். வேரோடு ஓர் ஆட்டுப் புழுக்கை வந்தது. விதை அதற்குள்ளிருந்து முளைத்திருந்தது. புழுக்கை தொப்பி போட்டதுபோலத் தண்டில் உட்கார்ந்திருந்தது. அடுத்ததைப் பிடுங்கினேன். அதற்கும் தொப்பி. பட்டியைத் திரும்பிப் பார்த்தேன். என் ஆடுகள் கருவேல நெத்தை நொறுக்கு நொறுக்கென்று மென்றுகொண்டிருந்தன. கோடை முழுக்க ஏரிக்குள் கருவேல மரத்தடியில் அலைந்து சாக்குச் சாக்காகப் பொறுக்கிவந்தவன் நான்தான். தீவனச் செலவே இல்லை பார் என்று பெருமையடித்ததும் நான்தான். கொட்டை செரிக்காமல் அப்படியே வெளியே வருகிறது. கத்திரிப் பாத்திக்குப் போட்டதும் அதே எருதான். டிப்பரில் ஏற்றி, இறைத்து, போட்டோ எடுத்து, நாற்பது கும்பிடு வாங்கியிருக்கிறேன்.

சாலையோரம் நெருக்கம், உள்ளே அரிது. எரு கொட்டிய இடம் அப்படித்தானே.

அன்றைக்கே குரூப்பில் உண்மையைச் சொன்னேன். தொப்பி போட்ட கன்றைப் படம் எடுத்தும் போட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. "இவ்வளவு வெவரங்கெட்ட ஆளு இருப்பாரா? இதுல என்னமோ உள்ளடி இருக்கு" என்று ஒரு குரல். "சாருக்கும் கரிக்காரருக்கும் ராசியாயிருச்சு போல. எத்தன மூட்டை கரி சார் வூடு வந்து சேந்துச்சு?" என்று இன்னொரு குரல். நான் முட்டாள்தான், சத்தியமாக முட்டாள்தான் என்று பதிவுக்கு மேல் பதிவு போட்டேன். போடப் போடச் சந்தேகம் கூடியது. என் இடத்தில் வேறொருவர் இருந்து, நான் குரூப்பில் இருந்திருந்தால், முதல் குரல் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

அக்கா நேரே வீட்டுக்கு வந்தார். கத்திரிப் பாத்தியைப் பார்த்தார், நெத்துச் சாக்கைப் பார்த்தார்.

"எருமை மேல சந்தேகம் வந்துச்சு, அந்த மனுசன் மேல சந்தேகம் வந்துச்சு. வூட்டுல நிக்கிற ஆட்டு மேல வரலையா தம்பி?"

"அதுங்க நம்ம ஆடுங்கக்கா…"

"எம் மாட்டுக்கு ஞாயித்துக்கெழம வியாபாரி வரேங்கறான். கரிக்காரரு மறுபடி வேரு தோண்ட வந்தா, வியாபாரிய வேணாம்னு சொல்லிருவேன். போய்க் கூப்புட்டுப் பாருங்க."

ஏரிக்கரைக்குப் போனேன். கரிக்கார அண்ணன் புது மூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை. புழுக்கை, நெத்து, டிப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். இடையில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்து இரண்டு இடத்தில் நிறுத்தினேன், சிரிக்கவில்லை. டீக்கடை முன்னால் எல்லாரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். மீதிப் பாதி உங்களுக்குத்தான் என்று ஊரையே சொல்ல வைக்கிறேன் என்றேன். அக்காவின் மாட்டையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன்.

"எப்பண்ணே வர்றீங்க?"

அவர் ஒரு கை மண்ணை எடுத்து, புகை கசிந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

"மொளைச்சதப்பூரா உங்க கையால புடுங்கிட்டு வாங்க சார், அப்பறம் பேசுவோம்."