நாற்பது தலையும் ஒரு முச்சந்தியும்

சவரத் தொழிலில் கைக்குப் பாதி வேலைதான், மீதி முழுக்கக் காதுக்கு. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புகளுக்கு எதிரே இருக்கும் முச்சந்தியில் பல வருஷம் கடை போட்டிருந்தவன் நான். பெயர் மாரிமுத்து. என் கத்தியால் ஒரு கீறல் பட்டதாக எவரும் சொன்னதில்லை. பேச்சால் பட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. சவரக் கடை பெஞ்சில் முறைக்குக் காத்திருந்து, அடுத்தவர் வீட்டுக் கதையெல்லாம் கேட்டுக் கால் மரத்துப்போன பெருமக்களே, நீங்களும் என் கட்சிதான். ஆகையால் மனம் விட்டுச் சொல்கிறேன்.

கிராணியார் வீட்டுக் கோழிகள்

ஒரு வருஷம் குடியிருப்புகளில் கோழித் திருட்டு அமளிப்பட்டது. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கோழி போனவர்கள், மீதிப் பேர் துப்புத் துலக்குகிறவர்கள். நல்லதம்பிக் கிராணியார் மட்டும் கவலையே இல்லாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. இங்கிலீஷில் மனு எழுதினால் வெள்ளைக்காரனே ஒருமுறை நின்று படிப்பான் என்று பெயர்.

"திருடன் என்கிட்டே வாலாட்ட முடியாது" என்றார் முகமெல்லாம் நுரையோடு. "நான் ஆபீஸ் போறப்போ ஒம்பது கோழியையும் சமையல்கட்டுக்குள்ளே விட்டுப் பூட்டிடுவேன். சாவியை எங்கே வைப்பேன் தெரியுமா? துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலே! எந்தப் பயலுக்குத் தோணும்?" பெஞ்சில் இருந்த பதினைந்து பேரும் தலையாட்டி மெச்சினார்கள். அவர்களில் நாலு பேர் முகம் எனக்கே புதுசு.

அடுத்த வாரம் கிராணியார் வந்த வேகத்தில் கடைக் கதவு ஆடியது. ஒன்பதும் போச்சு. வந்தவன் பூட்டைத் திறந்து, கோழிகளைப் பிடித்து, மறுபடியும் பூட்டி, சாவியைக் கல்லுக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு ஒழுங்கான திருடனை நான் கேள்விப்பட்டதே இல்லை. "வேறே யார்கிட்டேயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். கிராணியார் கொதித்துப் போனார்.

"எனக்கென்ன பைத்தியமா? உன் கடையிலே மட்டுந்தானே சொன்னேன்!"

உடற்பயிற்சி

கிராணியாருக்குத் தொந்தி விழ ஆரம்பித்ததும் டாக்டர் தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார். அன்று முதல் எங்கள் கடையில் ஒரே உடற்பயிற்சிப் பேச்சு. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே வேலை செய்கிற என்னைப் பார்த்து, "மாரிமுத்து, உடம்புக்கு அசைவு வேணும்" என்று புத்தி வேறு சொல்வார்.

அவர் நடக்கிற அழகை நான் கண்ணால் பார்த்தேன். தினம் காலையில் வீட்டு வாசலுக்கு ரிக்‌ஷா வரும். அதில் ஏறி ஏரித் தோட்டப் பூங்காவுக்குப் போவார். அங்கே கொஞ்சம் நடப்பார், நிறைய உட்காருவார், அதே ரிக்‌ஷாவில் திரும்புவார். ஒரே மாதத்தில் ரிக்‌ஷா இழுத்த சீனருக்கு உடம்பு கட்டுமஸ்தாகிவிட்டது. கிராணியாரின் இடுப்பு வார் ஒரு துளைகூட உள்ளே போகவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இங்கேயிருந்தே நடந்து போனா என்ன ஐயா?" என்று கேட்டுவிட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

"நடக்கிற இடத்துக்கு நடந்தே போயிட்டா, அங்கே போய் நடக்கத் தெம்பு வேணாமா?"

முச்சந்தி

என் கடை முச்சந்தி சாதாரணமானதல்ல. ஒரு பக்கம் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லோரிகள், ஒரு பக்கம் செங்கல் ஏற்றிய மாட்டு வண்டிகள். நடுவே ரிக்‌ஷாக்கள், சைக்கிள்கள், கொசு பஸ்கள். சின்ன உருவம், பெரிய இரைச்சல், நினைத்த இடத்தில் புகுந்துவிடும் என்பதால் அந்தக் குட்டி பஸ்களுக்கு அப்படிப் பெயர். அதில் ஒன்றை ஓட்டிய கோவிந்தன் என் வாடிக்கைக்காரன். ஒருநாள் ஜனங்களோடு பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிஷம்லா, அண்ணே" என்று நாற்காலியில் ஏறிவிட்டான். பின்னால் வண்டிகள் வால் மாதிரி நீண்டுகொண்டே போக, எல்லோரும் கத்த, ஒரு கன்னத்து நுரையோடு ஓடிப்போய் பஸ்ஸை நகர்த்திவிட்டு வந்து மறு கன்னத்தைக் காட்டினான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. என் சிநேகிதன் சின்னப்பன் செங்கல் வண்டி ஓட்டுகிறவன். தினமும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, என்னை நாலு வார்த்தை கிண்டல் செய்யாமல் போகமாட்டான். ஒரு மத்தியானம் அவன் வண்டி திரும்பும்போது எதிரே வந்த லோரி நேராக ஏறிவிட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். செங்கல் குவியலுக்கு நடுவே கால் முறிந்து கிடந்தான். மேலே கிடந்த செங்கல்லை வாரி எறிந்தேன். தூக்கி மடியில் கிடத்தியபோது அவன் முனகிக்கொண்டே சொன்னான்:

"மாடு நின்னுச்சு அண்ணே. லோரிதான் நிக்கலே."

கழுத்தில் கத்தி

இந்த முச்சந்திக்கு ஒரு போலீஸ்காரரை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். கிராணியாரிடம் போனேன். மனு எழுதலாம், ஆனால் சங்கத்தின் நிர்வாகக் குழு கையெழுத்துப் போட வேண்டும் என்றார். குழுவே இல்லை. ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்க நாற்பது தலை வரவேண்டும் என்பது சட்டம். இரண்டு தடவை கூட்டம் போட்டு இரண்டு தடவையும் பத்துப் பேர்தான் வந்தார்களாம். மூன்றாவது தடவையும் ஆள் சேராவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டியதுதானாம்.

"நாற்பது தலையா? அது என் தொழிலாச்சே, விடுங்க" என்று மார்தட்டினேன். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும், கத்தி தொண்டைக்குக் கீழே போகிற நேரம் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட வருவீங்கதானே?" என்று கேட்டேன். வரமாட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் வெளியே போய் அவரவர் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. "அவ்வளவு பேர் போறாங்க, நான் ஒருத்தன் போகலேன்னா குடியா முழுகிடும்?" என்று எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். நிஜமாகவே வருவானா என்று கோவிந்தனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். கூச்சமே இல்லாமல் சிரித்தான்.

"கழுத்திலே கத்தி இருக்கும்போது கொடுத்த வாக்கு செல்லுமா அண்ணே?"

நுரை ஊர்வலம்

விட்டுவிடுவேனா நான்? "ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு ஞாயிறு காலை சவரம் இலவசம்" என்று கடை வாசலில் எழுதி ஒட்டினேன். அன்று எட்டு மணிக்கே கடை நிரம்பி, பெஞ்சு நிரம்பி, ரோட்டில் ஆள் நின்றது. இருபத்தாறு பேர்! எனக்குத் தலை கால் புரியவில்லை. வேகமாக முடிக்க வேண்டுமென்று எல்லோர் முகத்திலும் முதலிலேயே சவுக்காரம் பூசி வைத்துவிட்டேன். ஒருவர் ரோட்டுப் போக்குவரத்தைப் பற்றி ஆரம்பித்தார், இன்னொருவர் கோழித் திருடனுக்குத் தாவினார், நானும் சும்மா இருப்பேனா? கை ஒரு கன்னம் முடிப்பதற்குள் வாய் மூன்று கதை முடித்தது. சவரம் முடிந்த ஒன்பது பேரும் எழுந்து போகவில்லை. பேச்சு முடியவில்லையே!

திடீரென்று கிராணியார் ஓடி வந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். ரிக்‌ஷா இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பன்னிரண்டு மணிக்குள்ளே நாற்பது சேராட்டா கூட்டம் செல்லாது, இப்பவே பன்னிரண்டு ஆகப் போகுது! சங்க மண்டபத்திலே என்னோடு சேர்த்துப் பதினோரு பேர்! ஓட்டுப் போடுற ஜனத்தையெல்லாம் இங்கே பிடிச்சு வச்சிருக்கிறது நீதானய்யா!" என்று மூச்சிரைத்தார். எனக்குச் சுருக்கென்றது. சின்னப்பன் கட்டுப் போட்ட காலோடு கண்ணுக்குள் வந்து நின்றான். பாவி, நானே கெடுத்தேனே!

"எல்லாரும் எழுந்திரிங்க! அப்படியே நடங்க!" என்று கத்தினேன். கழுத்தில் துணி, முகத்தில் நுரை, சிலருக்கு ஒரு பக்க மீசை. அந்தக் கோலத்தில் இருபத்தாறு பேரும் நானும் முச்சந்தியை மறித்துக்கொண்டு போனோம். அன்றைக்கு லோரி நின்றது. பேயைக் கண்ட மாதிரி நின்றது. பின்னால் வந்த கோவிந்தனைப் பஸ்ஸிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் கிராணியார் தலையை எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடியும் எண்ணினார். முப்பத்தொன்பதேதான். ஐந்து நிமிஷம் இருந்தது. நானும் கோவிந்தனும் குடியிருப்பின் பின்வரிசையில் இருந்த சின்னப்பன் வீட்டுக்கு ஓடினோம். "நான் நொண்டி, நான் வந்து என்ன ஆகப்போகுது?" என்றான் அவனும்! கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தின் நடுவில் இறக்கினோம். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. நாற்பது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிராணியார் பேனாவை எடுத்து, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"வந்தவர்கள் நாற்பதுன்னு எழுதிட்டேன். அதிலே பாதிப் பேர் முகத்திலே சவுக்காரம்னும் எழுதணுமா?"

முச்சந்திக்கு வந்தவர்

குழு அமைந்தது, மனு போனது, சில மாதத்தில் ஆளும் வந்தார். ஆறடி உயரம், வெள்ளைத் தலைப்பாகை, நெஞ்சு வரை தாடி. சீக்கிய ஜவான்! கை ஒன்று உயர்ந்தால் கிள்ளான் லோரி மூக்கறுபட்ட மாதிரி நின்றுவிடும். கோவிந்தனுக்குத்தான் கஷ்டகாலம், நடுரோட்டுச் சவரம் அன்றோடு ஒழிந்தது. வேலை மாறும் நேரத்தில் சிங் என் கடைக்கு வந்து நாற்காலியில் அமர்வார். முதல்நாள் பழக்கதோஷத்தில் துணியை உதறிப் போர்த்தப் போனேன். கையைத் தடுத்துவிட்டு மலாயில், "சவரம் வேண்டாம், ஊர்க்கதை போதும்" என்றார்.

சின்னப்பன் கால் கொஞ்சம் வளைந்துதான் கூடியது. ஆனாலும் வண்டியைக் கட்டிவிட்டான். முதல்நாள் அவன் திரும்பும்போது நான் நுரைக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றேன். சிங் கையை உயர்த்தினார். எதிரே வந்த லோரி நின்றது. சின்னப்பன் அவசரமே இல்லாமல், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வண்டியைத் திருப்பி, என் வாசலில் நிறுத்திச் சொன்னான்:

"இப்ப லோரியும் நிக்குது அண்ணே."

நாற்பது தலையைச் சேர்த்து நான் பாடுபட்டு வரவழைத்த போலீஸ்காரர், அந்த ஊரிலேயே என் கத்திக்கு வேலை கொடுக்காத ஒரே ஆண்பிள்ளையாக என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.