அக்கா அழித்த படங்கள்

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அக்காவுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். நோயாளிகளின் பழைய ஃபைல்களை அடுக்குவதும், பத்து வருடம் தாண்டியதைக் கழிப்பதும்தான் வேலை. ஒரே காகிதம் இரண்டு இருந்தால், ஒன்றைக் கிழித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தம்பி அவளுக்கு வைத்த பெயர் துடைப்பம். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான்.

அம்மா போய் மூன்று வருடம். தம்பி எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒருநாள் அதைப் புதிய டிஸ்க்குக்கு நகலெடுக்க ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடினான். மேஜையில் இரண்டு டிஸ்க். திறந்தால் இரண்டிலும் முதலில் அதே படங்கள். அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? ஒன்றை மொத்தமாக அழித்தாள். அழித்தது அசலை. மிஞ்சிய நகலில் அம்மா படம் ஒன்றுகூட இன்னும் ஏறியிருக்கவில்லை. அதோடு விட்டாளா? அழித்த டிஸ்க்கின் காலி இடம் கண்ணை உறுத்த, தம்பியின் ஆபீஸ் ஃபைல்களை அதில் ஏற்றி அழகாக அடுக்கியும் வைத்தாள்.

சாயங்காலம் தம்பி பார்த்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டான். அம்மா ஐம்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகியவள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் விறைப்பாக நிற்கும் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா கொண்டுபோன டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல ஏதாவது ஏத்துனீங்களா மேடம்?"

"ஃபைலெல்லாம் அடுக்கி வெச்சேன்."

"அழிச்சதுகூடப் பரவால்ல. மேல எதுவும் ஏறலைன்னா, என்னைக்கோ அழிச்சதுகூட எடுத்துடலாம். நீங்க அடுக்குனீங்க பாருங்க, அந்த இடத்துல இருந்தது போனது போனதுதான்."

கிடைக்கிறதை எடுத்துக் கொடுங்கள் என்று அக்கா டிஸ்க்கை அவரிடமே விட்டுவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்து நாலாயிரம் படம் கிடைத்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தம்பியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பழைய வாடகை வீட்டு மாடிப்படி வந்தது. மழைக்கு உப்பி, உதைத்தால்தான் திறக்கும் அந்தக் கதவு வந்தது. ஜன்னலோரம் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் அம்மா முகம் சுளித்தாள். காபி ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை.

மதியம் வரை தேடியும் விறைப்பாக நின்ற படம் இல்லை. சைக்கிள் வந்தது. அம்மா அதனடியில் கிடந்தாள், செருப்பு எங்கோ போய் விழுந்திருந்தது. அடுத்ததில் தலை கலைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விழுந்த இடத்திலேயே சிரிக்கிறாள். அதற்கடுத்ததில் படம் எடுத்தவனை அடிக்கக் கை ஓங்குகிறாள்.

"இதெல்லாம் எப்ப எடுத்தேன்?" என்று தம்பி தனக்குத்தானே முணுமுணுத்தான்.

"அன்னைக்கேதான்டா எடுத்த. கண்ணு மூடியிருக்கு, நல்லா இல்லன்னு நான்தான் அப்பவே டிஸ்க்குலேருந்து அழிச்சேன்."

சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒழுங்கான படம் ஒன்றை வைத்துக்கொண்டு அம்மாவையே அல்லவா கழித்துக் கட்டியிருக்கிறாள்!

தம்பி அந்தச் சிரிப்பையே வெகுநேரம் பார்த்தான்.

"நிக்கிற படத்துல அம்மா யாரோ மாதிரி இருப்பாங்க. இதையே பெருசாக்கலாம்க்கா."

அக்கா வாய்விட்டு அழுதாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அவன் அவளை அக்கா என்று கூப்பிடுகிறான்.