பிள்ளைகள் விளையாடுகிற தெரு

அரியலூரில் நாங்கள் இருந்த வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். காலையில் துடைத்த தரையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். ஆனால் நான் பயந்தது புழுதிக்கு இல்லை. மகனுக்கு மூன்று வயது. நில் என்றால் ஓடுகிற வயது. கேட்டில் பூட்டு, பூட்டுக்கு மேல் ஒரு கயிற்று முடிச்சு. அவன் ஓடிப் பழகியதெல்லாம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில்தான். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளி வேனிலிருந்து இறங்கினால் நேரே உள்ளே வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கணவருக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தபோது, தினமும் பஸ்ஸில் போய் வரலாமே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான்தான் வீடு மாற்றலாம் என்று பிடிவாதமாக நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்புவோம். அவர் தண்ணீர் வருமா, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். நான் கொடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பேன். சின்னக் கவுன், பள்ளி டிராயர், வாசலில் கழற்றிப்போட்ட குட்டிச் செருப்புகள். பிடித்த தெருவாக இருந்தால் சாயங்காலம் மறுபடியும் ஒரு நடை போவேன், பிள்ளைகள் வெளியே வருகிறார்களா என்று பார்க்க.

"நீ வூடு பாக்க வந்தியா, தெருவப் பாக்க வந்தியா?" என்று அவர் கிண்டல் செய்தார்.

"தெருவத்தாங்க. வூட்ல என்ன இருக்கு, நாலு செவரு."

நல்ல தெருக்கள் நிறைய இருந்தன. வீட்டுக்காரர்களும் நன்றாகத்தான் பேசினார்கள், காபி கொடுத்தார்கள். எல்லாம் பேசி முடிந்து செருப்பு மாட்டும்போது அந்தக் கேள்வி வரும். சிலர் சுற்றி வளைப்பார்கள். சிலர் நேராகவே, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். என் கணவர் ஒளிக்காமல் எங்கள் ஜாதியைச் சொல்லிவிடுவார். "யோசிச்சு போன் பண்றோம் சார்" என்பார்கள். போன் வராது. பஸ்ஸில் திரும்பும்போது, வேறு சேலை கட்டியிருக்கலாமோ, பையன் அவர்கள் சோபாவில் ஏறியதால் இருக்குமோ என்று நான் எனக்கே காரணம் தேடிக்கொண்டு வருவேன்.

கடைசியில் புது பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் ஒரு நகரில் அந்தத் தெரு கிடைத்தது. முட்டுச்சந்து. லாரி என்ன, கார் நுழைவதே அபூர்வம். கடைசியில் வீடு கட்டாத ஒரு மனை. நாங்கள் போனபோது அதில் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். மாடி காலியாக இருந்தது. கீழே வீட்டுக்காரம்மா, ஓய்வுபெற்ற டீச்சர். மகள் வெளிநாட்டில் நர்ஸ் என்பதால் பேத்தி இவரிடம் வளர்ந்தாள். அவளும் இரண்டாம் வகுப்பு.

டீச்சரம்மா என் மகள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மாதா சுரூபத்தைத் தொட்டுப் பார்த்தார். "அட, வேதக்காரங்களா நீங்க! எந்தப் பங்குக் கோயிலும்மா?"

ஆண்டிமடம் பக்கத்தில் என் ஊரைச் சொன்னேன்.

"ஏ அப்பா! என் தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊரும்மா அது. சரியாப் போச்சு, நம்ம ஆளுங்கதான்." உள்ளே திரும்பி, "ஏ பாப்பா, ஒனக்கு மாடியில ஒரு கூட்டாளி வந்துட்டா பாரு" என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஊரும் கோயிலும் ஒன்று, என் கணவர் அரசாங்க உத்தியோகம், என் பேச்சு படித்தவள் பேச்சு. இவ்வளவும் போதும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். கணவர் வாயைத் திறக்கப் போனார். மனையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை மகன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவர் கையைப் பிடித்தேன்.

அடுத்த வாரம் பால் காய்ச்சினோம்.

அந்த மாதங்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. மகனின் முழங்காலில் முதல் முதலாகப் பொருக்குத் தட்டியது. காயத்துக்கு மருந்து போடுகிற ஒரு தாய் இவ்வளவு சந்தோஷமாகவும் இருக்க முடியுமா என்று நினைத்தேன். மகளும் டீச்சரம்மாவின் பேத்தியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே ஹோம்வொர்க்கை இரண்டு பேரும் தப்பாக எழுதினார்கள். "ஒன் மகளுக்கு ரேஷன் கார்டுல என் வூட்டு அட்ரஸப் போட்ரு, ராத்திரிக்கு மட்டும்தான் மாடிக்கு வரா" என்பார் டீச்சரம்மா. என் பேச்சில் மட்டும் ஒரு கவனம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை இன்னும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அம்மா யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

ஆவணியில் டீச்சரம்மாவின் தங்கை புருஷன் இறந்துபோனார். டீச்சரம்மா அழுதுகொண்டே எங்கள் ஊருக்குப் போய் அடக்கம் முடித்துவிட்டு வந்தார். ஆறுதல் சொல்லும்போதே நவம்பரில் வரும் கல்லறைத் திருநாள் என் நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கோயில் ஒன்றுதான். ஒரே பீடம், ஒரே பூசை. கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் நடுவில் ஒரு மதில். பெரிய மதில் இல்லை, என் மார்பளவு வரும். டீச்சரம்மாவின் ஜாதியார் மேற்கே புதைக்கிறார்கள், நாங்கள் கிழக்கே. வாசலும் தனித்தனி. என் அப்பா கிழக்கே இருக்கிறார்.

"இந்த வருஷம் மட்டும் அம்மா போவட்டுங்க. நாம வேணாம்" என்றேன் கணவரிடம்.

"ஒங்க அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறதுக்கு யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்றார். கோபப்படவில்லை. போவதென்றே முடிவாயிற்று.

சனங்கள் எல்லாம் பொழுது சாய்ந்துதான் கல்லறைக்கு வருவார்கள். உச்சி வெயிலில் போய்விட்டு உடனே திரும்பிவிடலாம் என்று நான் திட்டம் போட்டேன். முழங்கால் வலிக்காரரான டீச்சரம்மா, கூட்டத்தில் இடிபட வேண்டாம், வெளிச்சத்தோடு பெரம்பலூர் பஸ் பிடித்துவிடலாம் என்று அதே உச்சி வெயிலைத் தேர்ந்தெடுத்தது எனக்குத் தெரியாது.

கல்லறையைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றினோம். மகன் உடனே, "ஹேப்பி பர்த்டே தாத்தா" என்று ஊதி அணைத்தான். எங்களோடு வந்திருந்த என் அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு அடங்குவதற்குள் மதிலுக்கு மேலே ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது.

"ஏய்! நீயும் வந்திருக்கியா? நான் கல்லு மேல ஏறி நிக்கிறேனே!"

மகள் குதித்துக்கொண்டு ஓடினாள். "எங்க தாத்தா இங்கதான் இருக்காரு. ஒனக்கு யாரு?"

"எங்க சின்னத் தாத்தா. நீ இந்தப் பக்கம் வாயேன்."

"வழியில்லடி. நீ குதி, நான் புடிச்சுக்கறேன்."

பேத்தி மதில் மேல் காலைத் தூக்கிப் போட்டபோதுதான் டீச்சரம்மா வந்தார். கையில் பூக்கூடை. பேத்தியின் இடுப்பைப் பிடித்து இறக்கினார். என்னைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், அப்பாவின் சிலுவையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரிதான் இருந்தது.

"வாங்க" என்றார். அதுவரை என்னை அவர் வா போ என்றுதான் கூப்பிட்டிருந்தார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பேத்திக்கு டியூஷன் ஏற்பாடாயிற்று, சாயங்காலம் விளையாடுகிற நேரத்தில். மகள் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். உள்ளே டிவி சத்தம் கேட்கும். மறுபடி கூப்பிடுவாள். "டியூஷன் போயிருக்காப்பா" என்று உள்ளிருந்தே டீச்சரம்மா சொல்வார். டியூஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னார்.

மாதக் கடைசியில் மேலே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மக லீவுல வராளாம். மாடி வேணுங்கறா. நீங்க வேற எடம் பாத்துக்கிட்டா நல்லாருக்கும்."

"பிள்ளைங்க பரிச்சை முடியற வரைக்குமாவது..." என்றேன்.

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "எனக்குன்னா ஒண்ணுமில்லம்மா. தங்கச்சி வூட்ல கேக்கறாங்க. எங்க சொந்தபந்தம்லாம் வந்து போற வூடு." அதற்கு மேல் பேசாமல் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார்.

இப்போது நாங்கள் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல் இருக்கிறோம். கடைக்காரர் எங்களை எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் கால் வைத்து இறங்க இங்கே தெருவும் இல்லை; படி முடிகிற இடத்தில் பஸ் போகும்.

மாடியைக் காலி செய்து சாமான் ஏற்றிய அன்று கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குட்டி யானை வண்டியில் நானும் பிள்ளைகளும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மனையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இறங்கணும் என்று மகன் காலை உதைத்து அழுதான். மகள் அழவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் என் காதில் மெதுவாகச் சொன்னாள்.

"நாம தாத்தாகிட்டப் போயிருக்கக் கூடாதும்மா. அதனாலதானே?"

அந்த ஒரு மாதமாக நான் யாரிடமும் சொல்லாமல் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. போகாமல் இருந்திருந்தால், சாயங்காலம் போயிருந்தால், கழுத்துச் சுரூபத்தைக் கழற்றி வைத்திருந்தால். அதை அவள் வாயில் கேட்டதும் அவளை என் பக்கம் திருப்பினேன்.

"தப்பு நம்ம மேல இல்லடி. அடுத்த வருஷமும் போவோம். அது ஒன் தாத்தா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டியதாகத் தெரியவில்லை. நான் அழுதுவிடக் கூடாதே என்று ஆட்டியது மாதிரி இருந்தது.