பெயரில்லாத பட்டியல்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மிளகு வியாபாரத்தில் உக்குவளையில் ஒரு தெருவையே எழுப்பியவர் முத்தலிப் ஹாஜியார். "நம்ம தெருவுல அடிதடிங்கிற பேச்சே இல்லைங்க," என்றார் ஊர்மக்களோடு பொலிஸ் நடத்திய கூட்டத்தில், நெஞ்சை நிமிர்த்தி.

வன்முறையைத் தடுக்க ஆஸ்பத்திரி மாதாமாதம் பொலிஸுக்குக் கொடுக்கும், அடிபட்டு வந்தவர்களின் பட்டியலைத் தாதி வாசித்தார். பெயர் கிடையாது, தெரு, வயது, காயம் மட்டும். ஹாஜியாரின் தெரு. இருபத்தாறு வயதுப் பெண். மூன்று மாதத்தில் மூன்று தடவை, இடது கை.

ஹாஜியார் மனசுக்குள் வீடு வீடாக எண்ணிப் பார்த்தார். தெருவில் இடது கையில் கட்டோடு திரிபவள் ஒருத்திதான், மகள் றுஸைனா. "வழுக்கி விழுந்துட்டேன் வாப்பா," என்றிருந்தாள். மருமகன் இந்நேரம் வீட்டில்தான் இருப்பான்.

"யாரா இருக்கும் ஹாஜியார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஊரே பார்த்திருந்தது.

"என் மக, சேர். ஜீப்பை எடுங்க, இப்பவே போவோம்."